பீஸ் ரேட்காரருக்கு ஒரு நாள் லீவின் விலை என்ன?

எங்கள் அம்மாவும் பக்கத்து வீட்டு அத்தையும் ஒரே திண்ணையில் உட்கார்ந்துதான் பீடி சுற்றினார்கள். ஒரே கடையில் இலையும் தூளும் வாங்கி, ஒரே நாளில் கட்டு கொண்டுபோய்ப் போட்டு, ஒரே நாளில் கணக்குப் பார்த்தவர்கள். ஒரு வருடம் லீவு சம்பளம் வந்தபோது அத்தைக்கு வந்ததைவிட அம்மாவுக்கு முந்நூறு ரூபாய்க்கு மேல் குறைவாக வந்தது. வேலை பார்த்த நாட்கள் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட சமம், வேலை செய்த நாளும் கணக்கும் எழுதும் பாஸ் புத்தகத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எண்ணியே பார்த்துவிட்டார்கள். "ரெண்டு பேரும் ஒண்ணாத்தான சுத்துதோம், பின்ன துட்டு மட்டும் எப்படி மாறுது?" என்று அம்மா என்னிடம் கேட்டார். எனக்கு அப்போது பதில் தெரியவில்லை. கடையில் கேட்டதற்கு, கம்பெனியில் போட்டு அனுப்பிய கணக்கு என்று சொல்லிவிட்டார்கள்.

பதில் பல வருடம் கழித்துத்தான் புரிந்தது. லீவுக்கு முந்தின மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். படுத்துக்கொள்ளாமல் தினமும் கொஞ்ச நேரம் சுளகை மடியில் வைத்து இருநூறு, முந்நூறு என்று சுற்றிக்கொண்டே இருந்தார். அந்த மாதத்தில் பத்து நாள் வேலையே செய்யாமல் படுத்திருந்தால் அவருடைய லீவு சம்பளம் குறைந்தே இருக்காது. உடம்பு முடியாமலும் உட்கார்ந்து சுற்றியதால்தான் குறைந்தது. கேட்டால் நம்ப முடியாது, ஆனால் கணக்கு அப்படித்தான் வேலை செய்கிறது. அதை விளக்கத்தான் இதை எழுதுகிறேன்.

மாதச் சம்பளக்காரருக்கு இந்தக் கேள்வியே வராது. லீவு போட்டாலும் மாதச் சம்பளம் அதேதான், அவர் கவலைப்பட வேண்டியது எத்தனை நாள் லீவு பாக்கி இருக்கிறது என்பதைப் பற்றி மட்டும். பீஸ் ரேட்டில் வேலை பார்ப்பவருக்கு, அதாவது பீடி சுற்றுபவர், துணி தைப்பவர், இலை பறிப்பவர் என்று செய்த அளவுக்குக் காசு வாங்குகிற எல்லாருக்கும், லீவு நாளில் செய்த அளவு பூஜ்யம். பூஜ்யத்தை எந்த ரேட்டால் பெருக்கினாலும் பூஜ்யம்தான். ஆகவே அந்த நாளுக்குச் சம்பளம் தர வேண்டுமென்றால், அவர் வேலைக்கு வந்திருந்தால் எவ்வளவு சம்பாதித்திருப்பார் என்று யாராவது ஓர் எண்ணைக் கற்பித்தாக வேண்டும். அந்தக் கற்பனை எண்ணை எங்கிருந்து எடுப்பது? பழைய வருமானத்தின் சராசரியிலிருந்து. சரி, எத்தனை மாதத்துச் சராசரி? எதைக் கூட்டி எதால் வகுப்பது? பணம் போகிற இடமும் வருகிற இடமும் இந்த இரண்டு கேள்விக்குள்தான் இருக்கின்றன.

இந்தியாவில் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் சொன்ன முறை இது. முந்தைய காலண்டர் ஆண்டில் 240 நாள் வேலை செய்திருந்தால், ஒவ்வொரு 20 நாள் வேலைக்கும் ஒரு நாள் சம்பளத்துடன் கூடிய லீவு. லீவு நாளுக்கான கூலி என்பது, லீவு தொடங்குவதற்கு முந்தின மாதத்தில் உண்மையாக வேலை செய்த நாட்களில் ஈட்டிய முழு நேர வருமானத்தின் தினசரிச் சராசரி. ஓவர்டைமும் போனஸும் சேராது, பஞ்சப்படி சேரும். பீடித் தொழிலுக்கென்று 1966-ல் வந்த தனிச் சட்டமும் லீவுக் கூலிக்குக் கிட்டத்தட்ட இதே சூத்திரத்தைத்தான் எடுத்துக்கொண்டது. இதில் அடிக்கோடிட வேண்டிய சொற்கள் "உண்மையாக வேலை செய்த நாட்கள்". மாதத்தின் 30 நாளும் இல்லை, 26 நாளும் இல்லை. வேலை செய்த நாள் மட்டும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு பெண் மாதத்தில் 22 நாள் சுற்றி 4,400 ரூபாய் சம்பாதித்தார் என்று வைத்துக்கொள்வோம். 22-ஆல் வகுத்தால் நாளுக்கு 200 ரூபாய். முந்தின வருடம் 260 நாள் வேலை செய்திருக்கிறார் என்றால் 13 நாள் லீவு, மொத்தம் 2,600 ரூபாய். இதையே 26-ஆல் வகுத்தால் கைக்கு வருவது 2,200. 30-ஆல் வகுத்தால் சுமார் 1,907. சம்பளச் சீட்டில் மூன்றுமே "லீவு சம்பளம்" என்ற ஒரே பெயரில்தான் இருக்கும், எந்த எண்ணால் வகுத்தார்கள் என்பது அதில் இருக்காது. கிட்டத்தட்ட எழுநூறு ரூபாய் ஒரு வகுக்கும் எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறது. லீவே தராத முதலாளியை எல்லாருக்கும் அடையாளம் தெரியும், லீவு தந்து தப்பான எண்ணால் வகுப்பவரைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம்.

இப்போது அம்மாவின் காய்ச்சலுக்கு வருகிறேன். வேலை செய்யாத நாள் கணக்கிலேயே வராது, அதனால் சராசரியைத் தொடாது. ஆனால் கொஞ்சமாக வேலை செய்த நாள் ஒரு முழு நாளாகக் கணக்கில் வந்து சராசரியைக் கீழே இழுக்கும். வீட்டில் இருந்து பீடி சுற்றுபவர்களுக்கு இது இன்னும் கூர்மையாகப் பொருந்தும். அவர்களுக்கு சைரன் கிடையாது, ஷிப்ட் கிடையாது. விடிகாலையில் ஓர் இருநூறு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு ஒரு நானூறு, ராத்திரி சீரியல் பார்த்துக்கொண்டே மீதி. இவர்களுக்கு "ஒரு நாள்" என்றால் என்ன? 1966-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கென்றே ஒரு விளக்கம் எழுதி வைத்தது: நள்ளிரவில் தொடங்கும் 24 மணி நேரத்துக்குள் எவ்வளவு நேரம் பீடி சுற்ற வேலை பார்த்திருந்தாலும் அது ஒரு நாள்.

எனக்கு அந்த வரியின் மேல் மிகுந்த மரியாதை உண்டு. வீட்டுத் திண்ணையில் நடக்கிற வேலையையும் வேலை என்று ஒப்புக்கொண்டு, அதற்கும் லீவு உண்டு, அந்த லீவுக்குக் கூலி உண்டு என்று சொன்ன வரி அது. பீடி முதலாளிகள் இந்தச் சட்டத்தை எதிர்த்து வழக்குப் போட்டார்கள். 1974-ல் உச்ச நீதிமன்றம், வீட்டிலிருந்து சுற்றுபவர்களையும் உள்ளடக்கிய அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்புச் சொன்னது. ஆனால் அதே வரி இரண்டு பக்கமும் வெட்டும். இருநூறு பீடி சுற்றிய நாளும் ஒரு நாள் என்பதால் 20 நாள் சீக்கிரம் சேரும், லீவு கூடும். அதே காரணத்தால் சராசரி குறையும், லீவின் விலை இறங்கும். அத்தை அந்த மாதம் ஊரில் கல்யாணம் என்று ஒரு வாரம் போய்விட்டார், பாஸ் புத்தகத்தில் அந்த நாட்கள் காலி, அவருடைய சராசரி அப்படியே நின்றது. அம்மா ஒரு நாளும் விடாமல் சுற்றினார், அவருடைய சராசரி விழுந்தது.

ஒரு மாதச் சராசரியின் குறையே இதுதான். ஒரே ஒரு மாதம் சரியில்லை என்றால் வருடம் முழுக்கச் சேர்த்த லீவும் அந்த மாதத்து விலைக்குத்தான் போகும். தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு இது தெரிந்திருந்தது போலும். 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் வேறு வழியில் போனது. முழுக்க நாள்கூலியில் இருப்பவருக்கு லீவுக்கு முன்பு வாங்கிய நாள்கூலியே லீவு சம்பளம். மற்றவர்களுக்கு, கொஞ்சம் நாள்கூலி கொஞ்சம் பீஸ் ரேட் என்று கலந்து வாங்குபவர்கள் உட்பட, முந்தின 12 மாதச் சராசரி. நீலகிரியில் பனி விழும் மாதங்களில் இலை எவ்வளவு குறையும், மழை பெய்து துளிர் வந்தால் எவ்வளவு ஏறும் என்று அங்கே வேலை பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அளவுக்கு மேல் பறித்த கிலோவுக்குக் கிடைக்கிற தனிக் காசு ஜனவரியில் வற்றிவிடும். பிப்ரவரியில் லீவு எடுப்பவருக்கு ஜனவரியை மட்டும் பார்த்துக் கூலி போட்டால் அது அவருடைய வருடத்து உழைப்புக்கு நியாயமாக இருக்காது. 12 மாதம் என்றால் ஏற்றமும் இறக்கமும் உள்ளே வந்துவிடும். என்னைக் கேட்டால் பருவத்தோடு ஏறி இறங்குகிற எந்த வேலைக்கும் 12 மாதக் கணக்குத்தான் சரி.

பிரிட்டனும் சுற்றி வளைத்து அந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தது. அங்கே மாறி மாறிச் சம்பளம் வாங்குபவர்களுக்கு முன்பெல்லாம் 12 வாரச் சராசரி, 2020 ஏப்ரலிலிருந்து 52 வாரம். சம்பளமே வராத வாரங்களை விட்டுவிட்டு அதற்குப் பதில் அதற்கு முந்தைய வாரங்களை எடுத்துக்கொள்வார்கள்.

அங்கிருந்து போன ஒரு வழக்கு இந்த விஷயத்தையே வேறு கோணத்தில் காட்டியது. லாக் என்பவர் பிரிட்டிஷ் கேஸ் நிறுவனத்தில் விற்பனை வேலை பார்த்தார். அடிப்படைச் சம்பளம் கொஞ்சம், வருமானத்தில் ஏறத்தாழ 60 சதவீதம் கமிஷன். லீவு போட்ட நாட்களில் அவருக்கு எதுவும் குறையவில்லை, ஏனென்றால் பழைய விற்பனையின் கமிஷன் அப்போது வந்துகொண்டிருந்தது. லீவில் புதிதாக எதுவும் விற்காததால் அடி அதற்கடுத்த மாதங்களில் விழுந்தது. 2014 மே மாதம் ஐரோப்பிய நீதிமன்றம் கமிஷனையும் லீவு சம்பளக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றது. அதற்கு நீதிமன்றம் சொன்ன காரணம்தான் எனக்கு முக்கியம்: பின்னால் வருமானம் குறையும் என்று தெரிந்தால் ஆள் லீவே எடுக்க மாட்டார், அப்படியானால் லீவு என்ற உரிமைக்கே பொருள் இல்லை.

அமெரிக்காவில் இருக்கும் நம்மூர் டாக்டர்களைக் கேட்டாலும் இதே கதைதான் சொல்வார்கள், ரூபாய் டாலராகியிருக்கும், அவ்வளவுதான். அங்கே சம்பளத்துடன் லீவு தந்தே ஆக வேண்டும் என்று தேசிய அளவில் சட்டம் கிடையாது, எல்லாம் ஒப்பந்தம்தான். பல மருத்துவர்களுக்கு, கால்நடை மருத்துவர்களுக்கு, பல் மருத்துவர்களுக்கு, பார்த்த வேலையின் அளவை வைத்துச் சம்பளம். ஒப்பந்தத்தில் வருடத்துக்கு 25 நாள் சம்பளத்துடன் லீவு என்று எழுதியிருக்கும். ஆனால் வருடத்துக்கு இத்தனை யூனிட் வேலை முடித்தால்தான் முழுச் சம்பளம் என்று இன்னொரு பக்கத்தில் இருக்கும், அந்த இலக்கு லீவுக்காக ஒரு யூனிட்கூடக் குறையாது. 25 நாள் லீவு எடுத்தவர் மீதி நாட்களில் அதையும் சேர்த்துப் பார்த்து முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் முன்பணமாக வாங்கியது கழிக்கப்படும். அவர் வாங்கிய "லீவு சம்பளம்" அவர் பணத்தை அவருக்கே முன்கூட்டிக் கொடுத்தது, பிறகு திரும்ப எடுத்துக்கொண்டது, அவ்வளவே. ஒப்பந்தத்தில் லீவு எத்தனை நாள் என்று பார்ப்பதைவிட, லீவு எடுத்தால் இலக்கு குறையுமா என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

திருப்பூருக்கு வருவோம். அங்கே பெரியம்மா மகள் பவர் டேபிளில், அதாவது மோட்டார் தையல் மிஷினில், இருக்கிறார், சனிக்கிழமை சம்பளம். பீஸ் ரேட்டில் தைக்கும் பலரிடம் கான்ட்ராக்டர் சொல்லும் வசனம் ஒன்று உண்டு: "ரேட்டுலயே லீவு, போனஸ் எல்லாம் சேர்த்துத்தான் போட்டிருக்கு." இதை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை, ஒரு சின்னக் கணக்கால் சோதிக்கலாம். 20 நாளுக்கு ஒரு நாள் என்றால் 5 சதவீதம். ஒரு பீஸுக்கு 10 ரூபாய் நியாயமான ரேட் என்றால் லீவையும் சேர்த்த ரேட் 10 ரூபாய் 50 காசாக இருக்க வேண்டும். பக்கத்துக் கம்பெனியில் லீவைத் தனியாகக் கொடுத்தும் அதே பீஸுக்கு 10 ரூபாய் என்றால், இங்கே 10 ரூபாய் கொடுத்துவிட்டு லீவும் இதற்குள் இருக்கிறது என்று சொல்வது பொய். அந்த 50 காசைச் சீட்டில் தனி வரியாகக் காட்டுங்கள் என்று கேட்டுப் பார்த்தால் தெரிந்துவிடும்.

தனி வரியாகக் காட்டினாலும் ஒரு பிரச்சினை பாக்கி இருக்கிறது. வாராவாரம் சேர்ந்து வருகிற லீவுக் காசு வாராவாரம் செலவாகிவிடும், லீவு எடுக்கும் வாரத்தில் கையில் ஒன்றும் இருக்காது. இதனால்தான் ஐரோப்பிய நீதிமன்றம் 2006-ல் இந்த முறை கூடாது என்றது. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே வந்தபின், வேலை நேரம் நிலையாக இல்லாதவர்களுக்கும் வருடத்தில் சில மாதம் மட்டும் வேலை இருப்பவர்களுக்கும் 2024 ஏப்ரல் 1 முதல் தொடங்கும் லீவு ஆண்டுகளுக்கு அதை மறுபடி அனுமதித்தது, 12.07 சதவீதம் என்று. அந்த எண் எப்படி வந்தது என்றால், வருடத்துக்கு 5.6 வாரம் லீவு, மீதி 46.4 வாரம் வேலை, முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவது. நம்ம 5 சதவீதத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எவ்வளவு தூரம் என்று தெரியும்.

எங்கள் பக்கம் பீடியில் வருடத்துக்கு ஒருமுறை மொத்தமாக வந்தது. அந்தப் பணத்தில் பொங்கலுக்குத் துணி வாங்குவார்கள், அடகு வைத்ததைத் திருப்புவார்கள். லீவு என்று ஒரு நாளும் யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. லீவு சம்பளம் என்றால் இன்னொரு போனஸ் என்றுதான் நானே பத்தாம் வகுப்பு வரை நினைத்திருந்தேன். கழுத்து வலியோடு குனிந்தே இருப்பவர்களுக்குக் காசைவிட அந்த 13 நாள் ஓய்வு தேவைப்பட்டது. ஆனால் ஓய்வு எடுத்த நாளுக்குக் கூலி அன்றைக்கே வராமல் மாதக்கணக்கில் கழித்து வந்தால் யார் எடுப்பார்கள்? தொழிற்சாலைகள் சட்டத்தில் இதற்கு ஒரு நல்ல ஏற்பாடு இருந்தது: நான்கு நாளுக்குக் குறையாத லீவு என்றால் அதற்கான கூலியை லீவு தொடங்குமுன்பே கொடுத்துவிட வேண்டும். அதைக் கேட்டு வாங்கியவரை நான் இதுவரை சந்திக்கவில்லை.

பிரசவ காலத்துக்கு இதே சராசரிக் கணக்கு வரும்போது இன்னும் வலிக்கும். மகப்பேறு உதவிச் சட்டத்திலும், 2025 நவம்பரில் அதன் இடத்துக்கு வந்த சமூகப் பாதுகாப்புத் தொகுப்பிலும், முந்தின மூன்று காலண்டர் மாதங்களில் வேலை செய்த நாட்களின் சராசரிதான் தினக்கூலி. அந்த மூன்று மாதம் எது? வயிறு தள்ளி, நீண்ட நேரம் உட்கார முடியாமல், நாளுக்கு ஆயிரம் சுற்றியவர் நானூறு சுற்றுகிற மாதங்கள். 2017-லிருந்து முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் என்று லீவை நீட்டினார்கள், பெரிய காரியம்தான். ஆனால் அந்த 26 வாரத்துக்கும் கூலி அந்தக் கடைசி மூன்று மாதத்து வேகத்தில்தான். சராசரி எவ்வளவு விழுந்தாலும் அரசு அறிவித்த குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே போகக் கூடாது என்று ஒரு தடுப்பு இரண்டிலும் இருப்பது ஒரு ஆறுதல். பீஸ் ரேட் பெண்கள் எல்லாரும் தெரிந்துவைத்துக்கொள்ள வேண்டியது அந்தத் தடுப்பைத்தான்.

அப்புறம், சட்டங்களே இப்போது மாறியிருக்கின்றன. மேலே சொன்ன தொழிற்சாலைகள் சட்டம், பீடிச் சட்டம், தோட்டச் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒன்றாக்கிய, தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், பணிச்சூழல் பற்றிய 2020-ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 240 நாள் என்றிருந்தது 180 நாளாகக் குறைந்திருக்கிறது, 20 நாளுக்கு ஒரு நாள் என்பது அப்படியே. ஆண்டு முடிவில் கேட்டால் லீவைப் பணமாகவும் வாங்கலாம். ஆலைத் தொழிலாளிக்கு இது நல்ல செய்தி, வருடத்தில் 200 நாள் வேலை செய்தவருக்கு முன்பு ஒன்றும் இல்லை, இப்போது 10 நாள்.

பீடி சுற்றுபவரின் பக்கம் நின்று இதையே பாருங்கள். பழைய பீடிச் சட்டத்தில் 240 என்ற வாசலே கிடையாது. எத்தனை நாள் வேலை செய்தாலும் அதில் 20 நாளுக்கு ஒரு நாள். இப்போதெல்லாம் பல கடைகளில் வாரத்துக்கு மூன்று நாள்தான் இலை கொடுக்கிறார்கள். அப்படி வருடத்தில் 140 நாள் மட்டும் வேலை கிடைத்த பெண்ணுக்குப் பழைய கணக்கில் 7 நாள் லீவு உண்டு. 180 நாள் என்ற வாசலை அவர் தாண்டவே முடியாது, ஏனென்றால் நாட்களைக் குறைப்பது அவர் அல்ல, இலை கொடுப்பவர். ஆலைக்கு லாபமான அதே எண் திண்ணைக்கு நஷ்டம். இதைப் பற்றி யாரும் அதிகம் பேசாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. தவிர, புதிய தொகுப்பின் லீவுப் பிரிவு எத்தனை நாள் என்பதைப் பற்றித்தான் அதிகம் பேசுகிறது, அந்த நாளின் விலையை எப்படி வகுப்பது என்பதில்தான் பீஸ் ரேட்காரர்களின் கண் இருக்க வேண்டும். ஒரு மாதமா, 12 மாதமா, எதால் வகுப்பது என்று சங்கங்கள் ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

போன மாதம் திருப்பூர் அக்கா போனில் பேசும்போது, ஊருக்கு வர எட்டு நாள் லீவு கேட்டிருப்பதாகச் சொன்னார். அவர் கம்பெனியில் இன்னமும் முந்தின மாதச் சராசரிதான். "எந்த மாசம் போட்டா காசு குறையாது?" என்று கேட்டார். ஆர்டர் நன்றாக ஓடிய மாதத்துக்கு அடுத்த மாதம் போடுங்கள் என்றேன். உடம்பு முடியாத நாளில் அரை நாள் போய் ஒப்பேற்றாமல் முழு நாளும் படுத்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒன்றரை ஷிப்ட் பார்ப்பதில் அந்த அரை ஷிப்ட் ஓவர்டைம், அது லீவுக் கணக்கில் வராது, அதனால் லீவு சம்பளம் வழக்கமான வாரச் சம்பளத்தைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் தெரியும், அதை ஏமாற்று என்று நினைக்க வேண்டாம், ஆனால் மாதச் சம்பளத்தை எந்த எண்ணால் வகுத்தார்கள் என்று மட்டும் கட்டாயம் கேளுங்கள் என்றும் சொன்னேன். ஒரு நோட்டில் தினமும் தைத்த பீஸ் எண்ணிக்கையைத் தேதி போட்டு எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறார்.